மப்ளரைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும்: குன்னூரில் ஒரு லேத் பட்டறை

குன்னூரில் லேத் வேலைக்கு, அதாவது இரும்பையும் மரத்தையும் சுற்றவிட்டுக் கடைகிற வேலைக்கு, நம்பிப் போகக்கூடிய ஒரு பட்டறை இருக்கிறது. ஓட்டுப்பட்டறைப் பக்கம், ரோட்டிலிருந்து படி இறங்கிப் போகிற சந்தில், தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம். பெயர்ப் பலகை கிடையாது. கதவில் வெள்ளைப் பெயின்ட்டில் ஒரே ஒரு வரி எழுதியிருக்கும்: "மப்ளர், சால்வை கழற்றிவிட்டு உள்ளே வரவும்." அந்தப் பகுதியில் யாரிடமாவது "லேத் மாஸ்டர்" என்று கேட்டால் கை காட்டிவிடுவார்கள்.

அந்த வரியைப் படித்ததுமே எனக்குப் பட்டறை பிடித்துவிட்டது. நம் மலையில் பாதி ஜனம் மப்ளரோடுதான் நடமாடுகிறது. கடைகிற பொருளைக் கவ்விப் பிடித்துச் சுற்றுகிற சக்கில் மப்ளர் நுனி ஒன்று மாட்டினால் கழுத்தோடு இழுத்துப் போட்டுவிடும், மோட்டாரை நிறுத்த ஓடுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை என்று கதவிலேயே எழுதி வைக்கிற ஆள், வேலையிலும் அப்படித்தான் இருப்பார் என்று நினைத்தேன். அப்படித்தான் இருக்கிறார்.

நான் கோத்தகிரிப் பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் மெயின்டனன்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவன். ஐ.டி.ஐ.யில் படித்தது டர்னர் டிரேடு, லேத் ஓட்டுகிற படிப்பு. லேத் வேலையைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் ஜாஸ்தி. அதனால் இது கொஞ்சம் நீளும்.

முதலில் இயந்திரங்கள். இரும்பு வேலைக்கு இரண்டு லேத். ஒன்று ஏலத்தில் எடுத்த பழைய எச்.எம்.டி. அந்தப் பெயரைக் கேட்டால் நம் ஆட்களுக்குக் கைக்கடிகாரம்தான் ஞாபகம் வரும். ஆனால் 1953-இல் பெங்களூரில் அந்தக் கம்பெனியைத் தொடங்கியதே லேத் மாதிரியான இயந்திரங்கள் செய்யத்தான். கடிகாரம் 1961-இல்தான் வந்தது. இன்னொன்று ராஜ்கோட் தயாரிப்பு, சின்ன வேலைகளுக்கு. மரத்துக்குத் தனியாக ஒரு லேத், மாஸ்டரே ஆங்கிளை வெட்டி வெல்டிங் வைத்துச் செய்தது. பார்க்க அழகாக இருக்காது, ஆனால் ஆடாது. எச்.எம்.டி.யின் பெட் (டூல் நகர்கிற அடித்தண்டவாளம்) மேல் நான் விரலால் தடவிப் பார்த்தேன். துருவும் இல்லை, இரும்புச் சுருளும் இல்லை, லேசாக எண்ணெய். நம் ஊர் மூடுபனியில் ஒரு வாரம் எண்ணெய் போடாமல் விட்டாலே செம்பழுப்பு ஏறிவிடும். தினமும் துடைக்கிற கை அது.

மாஸ்டர் அருவங்காடு கார்டைட் ஃபேக்டரியில் டர்னராக இருந்து ரிட்டயர் ஆனவர். கூட ஒரு பையன் இருக்கிறான், அவனும் ஐ.டி.ஐ. இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சு குறைவு. மாஸ்டர் தலையை ஆட்டினால் பையன் ஃபீடை, அதாவது டூல் நகர்கிற வேகத்தை, குறைக்கிறான்.

நான் போனது என் தங்கையின் மாவு மில்லுக்காக. அந்த மில் ஷாஃப்ட் கொஞ்ச காலமாகவே பேரிங் தின்றுகொண்டிருந்தது. புது பேரிங் போட்டால் சில வாரம் ஓடும், அப்புறம் சூடு, அப்புறம் சத்தம், அப்புறம் தங்கையின் போன். முதலில் கீழே, சமவெளியில் ஒரு பட்டறையில் புது ஷாஃப்ட் போட்டு வாங்கினோம். பேர் வேண்டாம். பளபளவென்று எமரி போட்டுக் கொடுத்தார்கள், கண்ணாடி மாதிரி. அதுவும் பேரிங்கைத் தின்றது.

குன்னூர் மாஸ்டர் அந்தப் பளபளப்பைக் கண்டுகொள்ளவே இல்லை. "பழைய பேரிங் எங்கீங்க?" என்றுதான் கேட்டார். கொடுத்தேன். உள்வளையத்தின் உட்பக்கத்தை வெளிச்சத்தில் காட்டினார். தேய்ந்து நீலம் பாய்ந்திருந்தது. உள்வளையம் ஷாஃப்டைக் கவ்விக்கொண்டு அதோடு சேர்ந்து சுற்ற வேண்டும். கவ்வாவிட்டால் ஷாஃப்ட் உள்ளே வழுக்கும், உராயும், சூடேறும். மைக்ரோமீட்டரை வைத்தார்: 30 மில்லிமீட்டருக்கு ஆறு மைக்ரான் குறைவு. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மில்லில் போடுகிற 6206 நம்பர் பேரிங்கின் துளை 30 மில்லிமீட்டர். இந்த மாதிரி வேலைக்கு ஷாஃப்ட் அதைவிட இரண்டு முதல் பதினைந்து மைக்ரான் வரை அதிகமாக இருக்க வேண்டும். நம் தலைமுடியே சுமார் 70 மைக்ரான் தடிமன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பட்டறைக்காரர் அளக்கவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அளந்திருப்பார். ஜாப், அதாவது கடைகிற பொருள், சூடாக இருக்கும்போது அளந்திருப்பார். டூல் வெட்டி முடித்த கையோடு ஷாஃப்ட் கொதிக்கும். இரும்பு சூட்டில் விரியும். 30 மில்லிமீட்டர் ஷாஃப்ட் 40 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் கிட்டத்தட்ட 14 மைக்ரான் பெருக்கிறது. அப்போது அளந்தால் எட்டு மைக்ரான் கூடுதல் என்று சரியாகக் காட்டும். ஆறிப்போனதும் ஆறு மைக்ரான் குறைந்திருக்கும். கணக்கு அச்சாகப் பொருந்துகிறது.

இங்கே என்ன செய்தார்கள் என்றால், இ.என்.8 என்ற ரக எஃகு ராடை முதலில் முரட்டுக் கட்டில் 31 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தார்கள். அப்புறம் லேத்தை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. திரும்பி வந்து ஷாஃப்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இரண்டு பக்கமும் சென்டரில் பிடித்து, ஆட்டம் இருக்கிறதா என்று டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்து, அப்புறம்தான் ஃபினிஷிங் கட். அதற்குப் பிறகும் ஆறவிட்டுத்தான் அளந்தார்கள். அவசரமாக வந்தவருக்கு இந்த டீ நேரம் எரிச்சலைக் கிளப்பும். ஆனால் வேலையே அந்த டீ நேரத்தில்தான் இருக்கிறது.

சென்டரில் பிடிப்பதையும் சொல்ல வேண்டும். ஷாஃப்டின் ஒரு முனையைச் சக்கில் பிடித்துக் கடைந்துவிட்டு, திருப்பிப் போட்டு மறுமுனையைக் கடைந்தால் இரண்டு முனையின் மையமும் ஒரே கோட்டில் வராது. துளி விலகும். ஓடும்போது அது அடிக்கும். இரண்டு முனையிலும் குழி போட்டு, சென்டர் என்கிற இரண்டு கூர்முனைகளுக்கு நடுவில் நிறுத்திக் கடைந்தால் எத்தனை தடவை திருப்பிப் போட்டாலும் மையம் அதேதான். இதை ஐ.டி.ஐ.யில் முதல் வருஷமே சொல்லித் தருகிறார்கள். செய்கிறவர்கள் குறைவு, ஏனென்றால் சக்கில் பிடிப்பது சீக்கிரம்.

மில் இப்போது ஓடுகிறது. தங்கை போன் செய்வது மற்ற விஷயங்களுக்கு.

இப்போது ஒரு கிளைக்கதை. லேத்தில் ஆர்வம் இல்லாதவர்களும் இதைப் படிக்கலாம். என் மகள் ஊட்டி அரசுக் கலைக் கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம் படிக்கிறாள். ஏதோ காகிதம் தேடும்போது என் ஐ.டி.ஐ. சான்றிதழ் கையில் அகப்பட்டது. "டர்னர்னா என்னப்பா, திரும்புறவரா?" என்று ஒரே சிரிப்பு. அப்புறம் அவளுக்கே உறுத்தியிருக்கும் போல. நூலகத்தில் சொற்பிறப்பு அகராதியைப் பார்த்துவிட்டு வந்து, "அப்பா, நீங்கதான் ஒரிஜினல்" என்றாள்.

விஷயம் இதுதான். 'டர்ன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் திரும்புவது, சுற்றுவது என்று இப்போது பொருள் சொல்கிறோம். ஆனால் அந்தச் சொல் பிறந்தது பட்டறையில். கிரேக்க மொழியில் 'தோர்னோஸ்' என்றால் கடைசல் கருவி, லேத். வட்டம் வரைகிற கருவிக்கும் அதே பெயர். அதை லத்தீன்காரர்கள் 'தோர்னுஸ்' என்று எடுத்துக்கொண்டார்கள். அதிலிருந்து 'தோர்னாரே' என்று ஒரு வினைச்சொல்: லேத்தில் போட்டுக் கடை, உருண்டையாக்கு, வழவழப்பாக்கு. லத்தீனிலிருந்து அது பழைய ஆங்கிலத்துக்குள் 'துர்னியன்' என்ற வடிவில் நுழைந்தது. 1066-இல் நார்மன்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, அதே லத்தீன் சொல்லின் பிரெஞ்சு வடிவமும் வந்து கூடச் சேர்ந்துகொண்டது. இரண்டும் கலந்து இன்றைய 'டர்ன்'. அதாவது லேத்தில் பொருள் சுற்றியது; அதனால் சுற்றுவதற்கெல்லாம் அந்தப் பெயர் வந்தது; சுற்றுவது திரும்புவதாயிற்று; ஒருவர் மாற்றி ஒருவர் செய்யும்போது 'என் டர்ன், உன் டர்ன்' என்பது வரைக்கும் போயிற்று.

அடுத்த தடவை போனபோது இதை மாஸ்டரிடம் சொன்னேன். அவர் டூலை அரைத்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. "அப்படிங்களா? அப்ப ரோட்டுல திரும்புறவங்க எல்லாம் நம்மகிட்ட கடன் வாங்கினவங்களா?" என்றார். மேட்டுப்பாளையம் ரோட்டில் கொண்டை ஊசி வளைவு மட்டுமே 14. வசூல் பண்ண ஆரம்பித்தால் புது லேத்தே வாங்கிவிடலாம் என்று பையன் முதல்முறையாக வாயைத் திறந்தான்.

தமிழில் பட்டறைச் சொல்லை நாம் அப்படிக் கடன் கொடுக்கவில்லை. லேத் வேலைக்குத் தமிழில் கடைசல். திரும்புவது வேறு, சுழல்வது வேறு, முறை என்பது வேறு. ஆனால் கடைதல் என்ற ஒரே சொல்லை மரத்துக்கும் தயிருக்கும் கீரைக்கும் வைத்திருக்கிறோம். எனக்கு இது ரொம்ப நாள் விளங்கவில்லை. மரத்தைச் செதுக்கி உருட்டுவதற்கும் மோர் கடைவதற்கும் என்ன சம்பந்தம்? பழைய லேத் எப்படி ஓடியது என்று தெரிந்தால் விளங்கிவிடுகிறது. மோட்டார் வருவதற்கு முன்னால், கால்மிதி வருவதற்கும் முன்னால், மரத்தண்டில் ஒரு வாரையோ கயிற்றையோ சுற்றி, ஒரு ஆள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறி இழுப்பார். இன்னொரு ஆள் உளி பிடிப்பார். தண்டு முன்னுக்குச் சுற்றும்போது உளி வெட்டும், பின்னுக்குச் சுற்றும்போது சும்மா இருக்கும். எகிப்தில் பெத்தோசிரிஸ் என்ற பூசாரியின் கல்லறைச் சுவரில் இப்படி இரண்டு ஆட்கள் வேலை செய்கிற புடைப்புச் சித்திரம் இருக்கிறது, கி.மு. 300 வாக்கில் செதுக்கியது.

நம் வீட்டில் தூணில் கட்டிய மத்தும் அதே வேலைதான். தண்டில் கயிறு, இரண்டு நுனியையும் மாறி மாறி இழுத்தால் முன்னும் பின்னும் சுற்றும். நுனியில் உளி பட்டால் மரக்கடைசல், தயிர் பட்டால் வெண்ணெய். பாற்கடலைக் கடைந்த கதையில் மந்தர மலை தண்டு, வாசுகி கயிறு, ஒரு பக்கம் தேவர், ஒரு பக்கம் அசுரர். எங்கள் இன்ஸ்ட்ரக்டர் அதை லேத் பாடத்தின் முதல் படமாகப் போட்டிருக்கலாம். ஆமை வடிவில் கீழே தாங்கினாரே பெருமாள், அவர்தான் பேரிங்.

கயிறு போய்க் கால்மிதி வந்தது, சக்கரம் வந்தது, ஒரே திசையில் விடாமல் சுற்ற ஆரம்பித்தது. 1800-ஐ ஒட்டி இங்கிலாந்தில் ஹென்றி மாட்ஸ்லே என்பவர் உளியைக் கையால் பிடிக்காமல் இயந்திரமே பிடித்து நகர்த்துகிற மாதிரியான லேத்தை உருப்படியாகச் செய்தார். அதில் ஒரே அளவாக மரை வெட்ட முடிந்தது. அதற்குப் பிறகுதான் ஒரு போல்ட்டுக்கு எந்த நட்டும் சேரும் என்கிற காலம் வந்தது. எச்.எம்.டி. வரைக்கும் எல்லாம் அந்த வம்சம்தான்.

சரி, பட்டறைக்கு வருவோம். இந்தக் கதையெல்லாம் கேட்ட பிறகு வீட்டில் ஒரு மத்து கேட்டார்கள். எங்கள் வீட்டில் கீரை என்றால் கடைசல்தான். கத்தரிக்காயும் கடைசல், பருப்பும் கடைசல். கொங்குப் பக்கத்து வழக்கம், மலை ஏறியும் போகவில்லை. கடையில் விற்கிற மத்து தலையில் பசை வைத்து ஒட்டியது; சூடான கீரைச் சட்டியில் கொஞ்ச நாள் போனால் தலை தனியே வந்துவிடும். மாஸ்டரிடம் ஒரே துண்டில் வேண்டும் என்றேன்.

பர்லியாறு பக்கத்திலிருந்து வந்த பலாக்கட்டை ஒன்று மூலையில் கிடந்தது. மஞ்சள் வைரம். அதை மரலேத்தில் ஏற்றி, வளைந்த உளியால் முதலில் மூலைகளைத் தட்டி உருட்டினார். இரும்பு லேத்தைப் பார்த்துப் பழகினவனுக்கு இது வேறு உலகம். இரும்பில் டூல் போஸ்ட் உளியைப் பிடித்துக்கொள்ளும், நாம் கைப்பிடியைச் சுற்றினால் போதும். மரத்தில் உளி கையில். கட்டையின் முடிச்சு வந்தால் கை அதை உணர்ந்து தளர வேண்டும், இல்லாவிட்டால் உளி பிடுங்கிக்கொண்டு போகும். மாஸ்டரின் இடது கட்டைவிரல் உளியின் மேல் படுத்துக்கொண்டே நகர்ந்தது. பிடி, நடுவில் ஒரு வளையம், தலைக்கு ஒரு குடை: சற்று நேரத்தில் வந்துவிட்டது. குடையில் பிளவு போடுவது லேத்தில் நடக்காது. அதை ரம்பத்தாலும் கத்தியாலும் பையன் உட்கார்ந்து செய்தான், எட்டுப் பிளவு. விலை 250 ரூபாய். வார்னிஷ் வேண்டாம், சமையலுக்கு என்று சொன்னதும் தேங்காய் எண்ணெய் தடவிக் கொடுத்தார்கள்.

மத்து நன்றாக இருக்கிறது. பிடி மட்டும் ஒரு விரல் நீளம் கூடுதல் என்று வீட்டில் புகார். உயரமான பானைக்குச் சரி, சின்னக் கீரைச் சட்டிக்கு நீளம்தான். அளவு சொல்லிக் கொடுங்கள்.

அப்புறம் மாமனார் காலத்துத் தேக்குக் கட்டிலின் ஒரு கால். கரையான் தின்றது. மீதி மூன்று கால்களைப் பார்த்து அதே மாதிரி நாலாவது வேண்டும். இதில் மாஸ்டருக்கு முழு மார்க் தர மாட்டேன். ஒரு அட்டையை வெட்டி அச்சு எடுத்தார், காலில் உள்ள ஒவ்வொரு உருண்டை மணிக்கும் காலிப்பர் வைத்து அளந்தார், வடிவம் அப்படியே வந்தது. குமிழ், கழுத்து, வளையம் எதிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் பாலிஷ் சொதப்பல். மற்ற மூன்று காலும் வயசான பழுப்பு, இது மட்டும் சிவப்பு. பாலிஷை வேறு ஆளிடம் கொடுத்துத் திரும்ப அடிக்க வேண்டியிருந்தது. கடைசலுக்கு இங்கே வாருங்கள், பாலிஷுக்கு வேறு இடம் பாருங்கள். இன்னொன்று, ஆடி மாத மழையில் மரவேலை கொடுக்காதீர்கள். ஈரத்தில் கட்டை உப்பியிருக்கும். அப்போது சரியாகப் பொருந்துகிற முனை, மாசி வெயிலில் தளர்ந்துவிடும். மாஸ்டரே அதைச் சொல்லித்தான் ஒருவரைத் திருப்பி அனுப்பினார்.

பட்டறையில் உட்கார ஒரு பெஞ்ச் உண்டு. காத்திருக்கும்போது மகள் அனுப்பிய பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தேன். 'டர்ன்' குடும்பம் பெரியது. 'ரிட்டர்ன்' தெரிந்ததே, வருமான வரி ரிட்டர்னும் அதுதான். 'டூர்' என்பதும் அதே லத்தீன் லேத்திலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது, ஒரு சுற்று என்ற பொருளில். அப்படியானால் டர்னரும் டூரிஸ்ட்டும் ஒரே வேர். 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கு கார், வேனில் வர டூரிஸ்ட்டுக்கு இ-பாஸ் வேண்டும், டர்னருக்கு வேண்டாம். அந்த அளவில் நாங்கள் மூத்த கிளை. 'அட்டர்னி'யும் இந்த வீட்டுப் பிள்ளையாம். ஒருவர் பக்கம் பொறுப்பைத் திருப்பிவிடுவது என்ற பழைய பிரெஞ்சு வினையிலிருந்து, பொறுப்பு பெற்ற ஆள் என்று வந்தது. 'பவர் ஆஃப் அட்டர்னி' பத்திரம் எழுதும்போது யாருக்கும் லேத் ஞாபகம் வராது. 'டர்னிப்' கிழங்கையும் சேர்க்கலாம் என்று சொல்லாராய்ச்சிக்காரர்களில் சிலர் கருதுகிறார்கள்: 'நீப்' என்பது அந்தக் கிழங்குக்குப் பழைய பெயர், லேத்தில் கடைந்த மாதிரி உருண்டையாக இருப்பதால் முன்னால் 'டர்ன்' சேர்ந்தது என்று. ஊட்டி மார்க்கெட்டில் கழுவி அடுக்கின டர்னிப்பைப் பார்த்தால் நானும் அவர்கள் கட்சிதான். மழைக்காலத்தில் மண் சரிந்ததும் ரோட்டில் வைக்கிறார்களே 'டைவர்ஷன்' பலகை, அது மட்டும் வேறு குடும்பம். 'வெர்த்தெரே' என்ற இன்னொரு லத்தீன் சொல். அதற்கும் திருப்புவது என்றுதான் பொருள், ஆனால் பட்டறைப் பக்கமே வராத சொல்.

குறைகள். பில் கிடையாது. ஒரு துண்டுத் தாளில் தொகை எழுதிக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். ஃபேக்டரிக் கணக்குக்கு வேண்டும் என்றால் இங்கே போகாதீர்கள். போன் எடுக்க மாட்டார்கள். லேத் ஓடும்போது எடுக்கக் கூடாது என்பது சரி, டீ குடிக்கும்போதாவது எடுக்கலாம். சொன்ன தேதியில் வேலை முடியாது, ஒன்றிரண்டு நாள் தள்ளும். வண்டி நிறுத்த இடமில்லை. கனமான ஜாப் என்றால் ரோட்டிலிருந்து படி வழியாக இரண்டு பேர் தூக்கித்தான் இறக்க வேண்டும்.

பெரிய வேலையும் நடக்காது. சி.டி.சி. ரோலர் கூர் போடுவார்களா என்று ஃபேக்டரி நண்பர்கள் கேட்கிறார்கள். மாட்டார்கள். அதற்கு நீளமான லேத்தும் தனி மில்லிங் இயந்திரமும் வேண்டும். தெரியாதவர்களுக்கு: டீத்தூள் ஃபேக்டரியில் இலை, ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு எதிரெதிராகச் சுற்றுகிற இரண்டு உருளைகளுக்கு நடுவில் போகும். ஒரு உருளை நிமிஷத்துக்கு 70 சுற்று என்றால் மற்றது 700. உருளை மேல் அங்குலத்துக்கு எட்டோ பத்தோ பல் வெட்டியிருக்கும். வேக வித்தியாசத்தில் இலை நசுங்கி, கிழிந்து, சுருளும். 1930 வாக்கில் அசாமில் வில்லியம் மெக்கெர்ச்சர் என்பவர் கண்டுபிடித்தது. அந்தப் பல் மழுங்கினால் இலை வெட்டுப்படாமல் கசங்கும், தூள் தரம் விழும். கூர் போடும்போது ஒவ்வொரு முறையும் உருளை கொஞ்சம் மெலியும், ஜோடியின் இரண்டும் ஒரே அளவில் மெலிய வேண்டும். நான் பாதி வாழ்க்கையை அந்த உருளைகளோடு கழித்தவன். அந்த வேலையைத் தன்னால் முடியாது என்று மாஸ்டர் ஒரே வார்த்தையில் சொன்னதை நான் குறையாக எழுதவில்லை. முடியும் என்று வாங்கி வைத்துக்கொண்டு, கோயம்புத்தூருக்கு அனுப்பிக் கமிஷன் பார்க்கிற ஆட்களும் மலையில் இருக்கிறார்கள்.

கோயம்புத்தூர் என்றதும் எல்லாரும் கேட்பது: கணபதியிலும் பீளமேட்டிலும் தெருவுக்குத் தெரு லேத் இருக்கும்போது குன்னூரில் எதற்கு? நியாயம்தான். அங்கே கூலி குறைவு, கம்ப்யூட்டர் லேத் இருக்கிறது, நூறு ஒரே மாதிரிப் பீஸ் வேண்டுமென்றால் கண்ணை மூடிக்கொண்டு இறங்குங்கள். ஒரே ஒரு ஷாஃப்ட் என்றால் அங்கே நம் ஜாப் வரிசையில் கடைசி. பஸ் செலவு, ஒரு நாள் பொழுது, மறுபடி வாங்கப் போக இன்னொரு நாள். இங்கே மில் ஷாஃப்டுக்கு இரும்போடு சேர்த்து 1,400 ரூபாய் கொடுத்தேன். கீழே கொடுத்ததைவிட 300 அதிகம். கீழே வாங்கியது இப்போது தங்கை வீட்டில் ஜன்னல் கதவுக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது.

வேலை பார்க்கத் தெரிந்தவர்கள் போனால் சுருளைக் கவனியுங்கள். மைல்ட் ஸ்டீலில் நீளச் சுருள் வரும், வார்ப்பிரும்பில் பொடியாகக் கொட்டும், பித்தளையில் ஊசி ஊசியாகத் தெறிக்கும். இங்கே ஷாஃப்ட் கடையும்போது சுருள் ஒரே அகலத்தில், ஒரே நிறத்தில் இறங்கியது. டூல் மழுங்கியிருந்தால் நீலமாகி அறுந்து அறுந்து விழும். தரையில் கிடந்ததில் அப்படி ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. சுருளைக் கையால் எடுத்துப் பார்க்க ஆசைப்படாதீர்கள், பிளேடு அது.

போகிறவர்களுக்குச் சில சமாச்சாரம். ஞாயிறு விடுமுறை. காலை ஒன்பது மணிக்குத் திறந்தாலும் பத்துக்குப் போங்கள், முதல் ஒரு மணி நேரம் எண்ணெய் போடவும் டூல் அரைக்கவும் போய்விடும். சந்துப் படியில் மழைக்காலத்தில் பாசி பிடித்திருக்கும், கைப்பிடி இல்லை. பணம் ரொக்கமாகவும் தரலாம், பையனின் போனில் ஜிபேயும் உண்டு. பேரிங் வேலை என்றால் புது பேரிங்கோடு பழையதையும் எடுத்துப் போங்கள். பழையது இல்லாமல் வருகிறவர்களின் ஜாப்பை மாஸ்டர் மேசையில்கூட வைக்கவிடுவதில்லை.